மெலடியை விட்டுக் கானாவுக்குப் போன எங்கள் குழு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிலர் சிரிக்கிறார்கள். "பாட்றதுல இன்னா ரிடையர்மென்ட்டு?" என்று கேட்கிறார்கள். ஆனால் எனக்கு அது வேலைதான். கல்யாண வரவேற்பு, அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், மஞ்சள் நீராட்டு, கம்பெனிகளின் ஆயுத பூஜை என்று எண்ணூரிலிருந்து யானைக்கவுனி வரை மேடை மேடையாக நின்று பாடித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆர்கெஸ்ட்ராவில் லேடி சிங்கர் என்பார்கள். என் பெயர் ரோஸலின் என்பது குழுவில் இருந்தவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

இப்போது பாட வருகிற பிள்ளைகள் எங்காவது என்னைப் பார்த்தால் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "ஆன்ட்டி, உங்க குழு மெலடிக்குப் பேர் போனதாமே. ஏன் கானாவுக்கு மாறிட்டீங்க? யார் முடிவு பண்ணது?" நின்றபடி சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பாட்டு என்று நான் கற்றதெல்லாம் கோயில் பாடகர் குழுவில்தான். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போனபோது லாரன்ஸ் மாஸ்டர் என் குரலைக் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அனுமதி கேட்டார்.

"மேடையில எவனாவது விசிலடிப்பான் மாஸ்டர்," என்றார் அப்பா.

"விசிலடிச்சா பாட்டு நல்லாருக்குன்னு அர்த்தம். வேற எதாச்சும் பண்ணா நான் எறங்கிப் போய் கேப்பேன்."

ஒருமுறை உண்மையிலேயே இறங்கிப்போய்க் கேட்டார், தோளில் அக்கார்டியன் தொங்க. அதற்குப் பிறகு அப்பா எதுவும் சொன்னதில்லை.

மாஸ்டருக்கும் துறைமுகத்தில்தான் உத்தியோகம். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டில் பொத்தான் போட்டுத்தான் உடுத்துவார், மே மாதத்திலும். கலங்கரை இன்னிசைக் குழு அவர் தொடங்கியது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சந்து ஒன்றில், வலைக்கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒத்திகை நடக்கும். கன்டெய்னர் லாரி போனால் தரை அதிரும். மைக் ஸ்டாண்டு தானாக ஆடும். வாசிப்பவர்கள் நிறுத்தமாட்டார்கள்.

புதுப் பாட்டு ஒன்றை எடுத்தால் மாஸ்டர் யாரையும் வாத்தியத்தைத் தொடவிட மாட்டார். முதலில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தன் வாத்தியத்தின் பகுதியை வாயால் முனகிக் காட்ட வேண்டும். வயலின்காரர் ஸ்ரீதரன் வயலினை முனகுவார். பேஸ் கிட்டார்காரர் கிட்டாரை முனகுவார். டோலக் வாசிக்கும் தேவராஜ் நாக்கால் தட்டிக் காட்டுவான். வாயில் வராதது கையில் வராது என்பது மாஸ்டரின் கட்டளை. யாராவது தப்பாக வாசித்தால் அவர் திட்டமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெதுவாகத் துடைப்பார். அவர் துடைத்து முடித்து மாட்டும்வரை அறையில் ஒருவரும் பேசமாட்டார்கள். தப்பு செய்தவருக்கு அதற்குள் தன் தப்பு விளங்கியிருக்கும்.

நன்றாக வந்துவிட்டால் ஒரே வார்த்தைதான். "ரெக்கார்டு மாதிரியே இருந்துது." அந்த ஒரு வார்த்தைக்காக நான் வாரம் முழுக்கச் சமையல்கட்டில் பாடிக்கொண்டிருப்பேன். அரிசி களையும்போது, பிள்ளைக்குத் தலை வாரும்போது. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார். "இந்தப் பாட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி, அடுத்ததுக்குப் போ தாயே," என்பார்.

எத்தனையோ கச்சேரிகளை மறந்துவிட்டேன். அந்த மாடி அறையில் வயலினும் அக்கார்டியனும் ஒன்றாக எழுந்து என் குரலுக்கு வழிவிடுகிற அந்தக் கணத்தை மறக்கவில்லை. இப்போதும் ஞாயிறு மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தால் காது அதைத்தான் தேடுகிறது.

தேவராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரன். வீட்டில் புத்தர் சிலைக்குத் தினமும் பூ வைக்கிற அம்மா. பகலில் ஒரு லேத் பட்டறையில் வேலை. டோலக்கில் அவனுக்கு ஈடு அப்போது வடசென்னையில் இல்லை. அவனுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அவன் கானா பாடுவான். தானே கட்டிப் பாடுவான். யாராவது இறந்துவிட்டால் அந்த வீட்டு வாசலில் விடிய விடிய அவன் பாட்டு நடக்கும். அதை மாஸ்டர் தடுத்ததில்லை. "நம்ம மேடைக்கு மட்டும் அது வேணாம் தேவா. அப்புறம் கல்யாணத்துக்கு ஒருத்தன் கூப்பிட மாட்டான்," என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். தேவராஜும் தலையாட்டிவிட்டு டோலக்கை இறுக்குவான்.

இப்படி இருக்கும்போதுதான் முகத்துவாரக்குப்பத்தில் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனோம். சாயங்காலம் தொடங்கிய கச்சேரி. நான் வழக்கமான பாட்டுகளைப் பாடினேன். கைதட்டினார்கள். பிறகு முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து, "எங்களப் பத்தி ஒரு பாட்டு பாடும்மா," என்றாள். மீனவப் பெண்களைப் பற்றிய பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடினேன். அதில் எனக்கு நல்ல பெயர். பாடி முடித்ததும் அந்த அம்மாள் சொன்னாள்: "நல்லாத்தான் கீது. ஆனா இது சினிமாக்காரிம்மா. இவ சேத்துல எறங்குனவ இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகம் மட்டும் சூடாகிவிட்டது.

தேவராஜ் மாஸ்டர் பக்கம் குனிந்தான். "மாஸ்டர், ஒரே ஒரு பாட்டு. நா கட்னது. இவங்கள வச்சிதான் கட்னேன்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு," என்றார்.

அந்தக் குப்பத்துப் பெண்கள் கழிமுகத்துத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள். தேவராஜின் அத்தை ஒருத்தி அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளைப் பார்த்துக் கட்டிய பாட்டு. டோலக்கை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

*எறால் தடவி எறால் தடவி*
*ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு*
*கைய பாக்க வந்த ஜோசியன்*
*இன்னாம்மா இது, ரோடாட்டம் கீதுன்னான்*

சிரிப்பு வெடித்தது. ஒருத்தியை ஒருத்தி தோளில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த அடியில் அந்தப் பெண் ஜோசியனிடம் கேட்கிறாள்: ரேகை இல்லாத கையில் என் பெண்ணின் கல்யாணத்தை எங்கே பார்ப்பாய், என் ஆயுசை எங்கே பார்ப்பாய், சேறு தின்ற ரேகையைச் சேற்றிலேயே தேடித் தா. அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பெண்கள் யாரும் தேவராஜைப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் உள்ளங்கையைத் திருப்பி, டியூப்லைட் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தனை வருடம் பாடியிருக்கிறேன். என் பாட்டைக் கேட்டு ஒருத்தர் தன் கையைப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு திருவொற்றியூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் கேட்டு வந்தார்கள். குழுவின் பெயரைச் சொல்லாமல், "அந்த ரேகப் பாட்டு பாடறவங்க" என்று கேட்டார்கள். தேவராஜ் ஒரு ஞாயிறு ஒத்திகையில் எழுந்து நின்றான்.

"மாஸ்டர், நம்ப மெயினா நம்ப பாட்டே பாடலாம். கானா, ஆனா ஃபுல் ஆர்கெஸ்ட்ராவோட. யாரும் பண்ணல. சினிமாப் பாட்டு நாலு போதும்."

ஸ்ரீதரன் வயலினைப் பெட்டியில் வைத்தார். "சாவு வீட்டுப் பாட்டுக்கு நான் வில் பிடிக்கறதுக்கில்லை, மாஸ்டர். ஒரு மண்டபத்துல கூட நம்மள ஏத்த மாட்டாங்க."

"சாவு வூட்ல பாடுனா சாவுப் பாட்டா சார்?" தேவராஜின் குரல் உயரவில்லை. "எங்காளுங்களுக்கு அங்கதான் மேடை குடுத்தாங்க, அதனால அங்க பாடறோம். வேற மேடையே வேணாம்னா சொன்னோம்?"

லாரி ஒன்று போனது. தரை அதிர்ந்து அடங்கியது. மாஸ்டர் இருவரையும் பார்த்தார். 

"வாசிச்சுப் பாக்காம இதப் பேசக் கூடாது," என்றார். "அந்த ரேகப் பாட்ட எடுப்போம். ஒழுங்கா, முழுசா. அப்புறம் கை தூக்கலாம்."

என் வேலைநாட்களில் அந்தப் பாட்டைப் போல ஒன்று எங்களைப் படுத்தியதில்லை. முதல் நாள் வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டு கேட்க உட்கார்ந்தோம். கேட்க ஒலிப்பதிவு இல்லை. மாஸ்டர் தேவராஜை நடுவில் உட்காரவைத்து, டோலக்கைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, "வெறும் வாயால பாடு," என்றார். தேவராஜுக்குக் கை இல்லாமல் பாட வரவில்லை. தொடையில் தட்டினான். "தொடையும் வேணாம்." மூன்றாவது முறைதான் வந்தது. தாளம் இல்லாமல் கேட்டபோது பாட்டு வேறாக இருந்தது. ஒரு சொல்லை இழுத்துக்கொண்டே போய், விழப்போகிற இடத்தில் விடாமல், இன்னும் கொஞ்சம் பிடித்திருந்து பிறகு விட்டான். ஒவ்வொரு முறையும் பிடிக்கிற அளவு மாறியது.

அதுதான் சிக்கல். அவன் எப்போது விடுவான் என்று தெரியாமல் ஸ்ரீதரனின் வயலின் முன்னாலேயே வந்து முட்டியது. பேஸ் கிட்டார் பின்னால் தள்ளாடியது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதில் கீறலே விழுந்திருக்கும். அடுத்த வாரம் அவர் புது யோசனையோடு வந்தார். எல்லாரிடமும் தேவராஜின் நெஞ்சைப் பார்க்கச் சொன்னார்.

"அவன் வாயப் பாக்காதீங்க. மூச்ச எங்க இழுக்கறான்னு பாருங்க. ஸ்ரீதர், அவன் பாடறப்ப நீங்க உள்ள வராதீங்க. அவன் மூச்சு இழுக்கற எடத்துல மட்டும் வாங்க. இழுத்து முடிச்சதும் போயிடுங்க."

அப்படி வாசித்தபோது வயலின், பாட்டுக்குப் பதில் சொல்கிற இன்னொரு பெண் மாதிரி ஒலித்தது. பாட்டில் வருகிற குப்பத்துப் பெண் கேட்டாள், யாரோ தூரத்திலிருந்து அவளுக்குப் பதில் சொன்னார்கள். முடிந்ததும் தேவராஜ் அழுதான். ஸ்ரீதரன் வில்லைத் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு. ஆனா என் ஓட்டு மாறாது," என்றார். நேர்மையான மனிதர்.

மாஸ்டர் கை தூக்கச் சொன்னார். அவரும் தூக்கவில்லை, யார் பக்கம் என்றும் சொல்லவில்லை. வாத்தியக்காரர்கள் இரண்டு பக்கமும் சமமாக நின்றார்கள். நான் பாக்கி.

தேவராஜின் பாட்டுகள் எல்லாம் ஆண்குரலுக்குக் கட்டியவை. அந்தப் பாதையில் எனக்கு இடம் குறைவு என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் மறுத்திருந்தால் இன்னும் பல காலம் நடுமேடையில் நின்றிருப்பேன். மாஸ்டரும் இருந்திருப்பார். ஆனால் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்த அந்தப் பெண்கள் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"மாறலாம்," என்று கையைத் தூக்கினேன்.

"முடிஞ்சுது," என்றார் மாஸ்டர். "யாராச்சும் டீக்குச் சொல்லுங்கப்பா."

ஸ்ரீதரன் அன்றோடு போய்விட்டார். மாஸ்டர் போகவில்லை. தேவராஜின் மற்ற பாட்டுகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எங்கே எந்த வாத்தியம் வர வேண்டும் என்று அமைத்துக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு மதியம் அக்கார்டியனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான் படி வரைக்கும் கூடவே இறங்கினேன்.

"என் மேல கோவமா மாஸ்டர்?"

"கோவம் இன்னாத்துக்கு? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ரெக்கார்ட அப்படியே எறக்கறது, ரோஸி. இதுக்கு ரெக்கார்டே இல்லியே. இனிமே நான் எத வச்சி இது சரி, இது தப்புன்னு சொல்லுவேன்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேலை ஓய்வுக்குப் பிறகு மகளோடு கோயம்புத்தூருக்குப் போனார். பண்டிகைக்குப் பேசுவார். போன வருடம் இறந்துவிட்டார். அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது. நான் துறைமுகச் சுவர் ஓரமாக நடந்து கோயிலுக்குப் போய், ஆள் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் வரவில்லை. அந்த மாடி அறையில் நாங்கள் எடுத்த பாட்டுகளின் முன்னிசைதான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

குழு நன்றாக ஓடியது. தேவராஜ் மேடையை ஆண்டான். மண்டபங்கள் ஏற்றாது என்று ஸ்ரீதரன் சொன்னது பாதி பலித்தது. சில வீட்டார் எங்களைக் கூப்பிடுவதை விட்டார்கள், புதிதாகச் சிலர் வந்தார்கள். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து கோரஸ் பாடுவேன். நடுவில் எனக்கு இரண்டு மெலடி. அந்த இரண்டுக்கு எழுந்து முன்னால் வரும்போது கூட்டத்தில் சிலர் டீ குடிக்கப் போவார்கள். அது உறுத்தாமல் இல்லை. அதே நேரம் தேவராஜ் பாடும்போது கோரஸ் நாற்காலியில் எனக்குப் புல்லரிக்கும். இரண்டும் ஒரே உடம்பில்தான் நடந்தது. படி ஏற மூச்சு வாங்கத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டேன்.

சில மாதங்களுக்கு முன் தேவராஜ் வீட்டுக்கு வந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. நாற்காலியில் உட்காராமல் சமையல்கட்டு வாசலில் சாய்ந்து நின்றான்.

"அக்கா, இப்ப ஓட்டல்ல எல்லாம் பழைய மெலடிதான் கேக்கறானுங்க. பசங்க எல்லாம் மாறிடலாம்னு சொல்லிக்கினு கீறாங்க. நீ வந்து பாடுனா மாறலாம். உனுக்கு ஆசதானே?"

ஆசைதான். அடுப்பை அணைத்தேன். வயலின் எழுகிற சத்தம் காதுக்குள் வந்துவிட்டது.

"யார் வாசிக்கப் போறா தேவா? மாஸ்டர் இல்ல. ஸ்ரீதர் சார் இல்ல."

"கீபோர்டுல எல்லா சவுண்டும் கீதுக்கா."

"எனக்கு அந்தப் பாட்டு மட்டும் போதாது, அவங்களும் வேணும். அவங்க வரமாட்டாங்க. நீ உன் பாட்ட விடாத."

"அப்ப நீ வரமாட்டியா?"

அப்போதுதான் அதைச் சொன்னேன். எத்தனை வருடமாக உள்ளே கிடந்ததோ, எனக்கே தெரியாது. "வரேன். ஆயிரம் பாட்டு பாடியிருப்பேன், எல்லாம் வேற யாரோ பாடுனது. எனக்குன்னு ஒரு பாட்டு கட்டிக் குடு."

தேவராஜ் என்னையே பார்த்தான். "எத்தினி வருசம் கூடவே இருந்த. ஒரு தபா கேட்டியாக்கா நீ?"

"நீ கேட்டியா, எனக்கு வேணுமான்னு?"

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேள்வி கேட்க ஆரம்பித்தான். அப்பா ஓட்டிய கிரேனின் உயரம், நான் பார்த்த முதல் கப்பல், மேடைக்குப் போகும் நாளில் பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டுப் போவேன், பாடி முடித்து வீட்டுக்கு வந்து என்ன சாப்பிடுவேன். என்னை இப்படி யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தோம். வடிக்காமல் விட்ட சோறு குழைந்து போனது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். இப்போது கொருக்குப்பேட்டையில் வேறு அறை. பாட்டில் பாதிதான் முடிந்திருந்தது. தேவராஜ் மெட்டை இரண்டு முறை பாடிக் காட்டினான். கீபோர்டு வாசிக்கிற ஷாலினி, என் மகள் வயதுப் பெண், கையைக் கட்டைகள் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, எந்தச் சுருதியில வச்சிக்கலாம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தந்தப் பாட்டைச் சினிமாவில் பாடிய பாடகியம்மாவின் சுருதி எதுவோ, அதுதான் என் சுருதி. எட்டினாலும் எட்டாவிட்டாலும் எட்டிப் பிடிக்க வேண்டும். அதுதான் நான் செய்த வேலை. அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள். ஷாலினி ஒரு கட்டையை அழுத்தினாள். கொஞ்சம் உயரம் என்றேன். இறக்கினாள். இன்னும் கொஞ்சம் என்றேன். இறக்கினாள். என் நெஞ்சில் வந்து உட்கார்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"இது," என்றேன். "இதுலயே இருக்கட்டும்."